திருத்தப்பட்ட திருவிழா

சண்முகவடிவை அந்த அச்சகத்துக்குள் இழுத்து வந்தது ஒரு நாற்காலி.

நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த யூஜினா அச்சகத்தின் கண்ணாடியில், 'புரூப் பார்க்க ஆள் தேவை. உட்கார்ந்து செய்யும் வேலை' என்று ஒட்டியிருந்தார்கள். முதல் வரி அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாவது வரிக்காக உள்ளே போனாள்.

கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வருடக்கணக்காக நின்றவள் அவள். அந்தக் கடையில் முதலாளிக்கு ஒரு நாற்காலி, காசு வாங்குபவருக்கு ஒரு நாற்காலி, சுவரில் இருந்த மகாலட்சுமிக்கு ஒரு தாமரை. மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். ஆள் வராத நேரத்திலும், வந்துவிட்டது போன்ற முகத்தோடு நிற்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சைக் கயிறாக முறுக்கிக்கொண்டபின், நாற்பது கடந்த வயதில், உடப்புசல்லாவைப் பக்கம் இருக்கும் தூவாணக்கந்தைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, வரிசை வீடுகளான லயத்தில், தம்பி வீட்டில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள்.

அச்சக முதலாளி சுஜீவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்பா விட்டுப்போன இயந்திரங்கள், அம்மாவின் பெயரில் பலகை.

"அக்கா, புரூப் பாக்குறதுன்னா என்னான்னு தெரியுமா?"

"தெரியாதுங்க தம்பி. ஒக்காந்துதானே பாக்கணும்?"

அவன் ஒரு பழைய மரண அறிவித்தலை எடுத்துக் கொடுத்தான். அவள் வாசித்தாள். துணி அளக்கிற பழக்கத்தில் விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தாள். பிறகு, "பாவம், இந்த ஐயா பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துப் போயிட்டாரே" என்றாள்.

உண்மைதான். பிறந்த வருடமும் இறந்த வருடமும் இடம் மாறியிருந்தன. அந்த அறிவித்தலை இறந்தவரின் மகன்களும் மருமகன்களும் வரிசையாக வந்து பார்த்து, 'சரி, அடிக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூத்த மருமகன் மட்டும் தன் பெயருக்குப் பின்னால் 'கனடா' விடுபட்டதைக் கண்டுபிடித்திருந்தார்.

"நாளைக்கு வாங்க" என்றான் சுஜீவன்.

அவன் இந்தத் தொழிலை வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்கியே கற்றிருந்தான். ஆகவே அவனுடைய பாடங்கள் சுருக்கமாகவும் கொஞ்சம் கசப்பாகவும் இருந்தன.

"கண்ணு ஒரு சோம்பேறிக்கா. சொல்லோட தலையையும் வாலையும் பாத்துட்டு, நடுவுல உள்ளத அதுவே போட்டுக்கும். அத நம்பாதீங்க." ஓர் அடிமட்டத்தைக் கொடுத்தான். அதை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக இறக்க வேண்டும். பக்கத்தில் கையெழுத்துப் பிரதி திறந்திருக்க வேண்டும். முதல் தடவை எழுத்துக்காக. அடுத்த தடவை இலக்கங்களுக்கு மட்டும்: தேதி, கிழமை, தொலைபேசி. அதற்கும் அடுத்த தடவை கடைசி வரியில் தொடங்கி மேலே ஏற வேண்டும்.

"அது எதுக்குங்க தம்பி?"

"அர்த்தம் வெளங்காம இருக்கத்தான். அர்த்தம் வெளங்கிட்டா பிழை கண்ணுல படாது."

தலைப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது பெரிய எழுத்தில் இருப்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒரு பிழையைப் பிடித்தவுடன் அதே வரியை மறுபடி பார்க்க வேண்டும். பிடித்த சந்தோஷத்தில் பக்கத்திலிருப்பது தப்பிவிடும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி, அடிக்கோடு, வெட்டுக்கோடு, இடம்விடு, இடம்சேர் என்று குறிகளையும் சிவப்புப் பேனையால் போட்டுக் காட்டினான்.

"முக்கியமா ஒண்ணு. நமக்குப் பிடிக்கலைன்னு எதையும் மாத்தக் கூடாது. சந்தேகமா, வட்டம் போடுங்க. ஓரத்துல கேள்விக்குறி போட்டு என்னான்னு எழுதுங்க. முடிவு கஸ்டமரோடது."

"கஸ்டமரும் வாசிச்சுப் பாப்பாங்கதானே?"

"பாப்பாங்க. அவங்க பேரை."

கடைசியாக நிபந்தனையைச் சொன்னான். "திருவிழா சீசன் முடியட்டும்க்கா. ஒரு கரச்சலும் இல்லாமப் போச்சுன்னா வேலை நிரந்தரம். கரச்சல் வந்துச்சுன்னா..." அவன் நாற்காலியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். ஒரு கை ஒடிந்து, ரப்பர் பட்டியால் கட்டிய சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படும், முதுகு சாயும். உலகத்தில் அதற்குமேல் ஓர் ஆசனம் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கற்ற சில வாரங்களில் சண்முகவடிவு தாங்க முடியாத மனுஷியாகிப் போனாள். புதிதாக ஒரு வித்தை கைவந்த எவருக்கும் வருகிற வியாதிதான். பஸ்ஸில் ஒட்டியிருந்த பெயர்ப்பலகையில் பிழை கண்டாள். தீப்பெட்டியில் கண்டாள். தம்பி மகனுடைய பாடசாலை ரிப்போர்ட்டில் ஆசிரியர் எழுதிய 'திருப்தி'யில் ஒரு புள்ளி இல்லையென்று, அந்தப் பையன் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை யாரும் பார்க்காதபடி அரைமணி நேரம் பேசினாள். பையன் மட்டும் அதற்கு நன்றியுள்ளவனாக இருந்தான்.

தம்பி மனைவி லெட்சுமி கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டே கேட்பாள்: "மதினி, சோத்துல கல்லு கெடக்கு. செவப்புப் பேனையைக் கொண்டாங்க, வட்டம் போடுவோம்."

"சிரி, சிரி. ஒரு நாளைக்கு ஒனக்கே தெரியும் இந்த வேலையோட அருமை."

"தெரியுது மதினி. நாள் பூரா ஒக்காந்துட்டு வந்து, கால் வலிக்குதுன்னு படுக்கிறீங்களே, அதுலயே தெரியுது."

மாசி பிறப்பதற்குச் சற்று முன், தூவாணக்கந்தை முத்துமாரியம்மன் ஆலய பரிபாலன சபையின் தலைவர், அகில இலங்கை சமாதான நீதவான், மலைச்சுடர், சேவைச்சிகரம் விஜிதரன் அச்சகத்துக்குள் நுழைந்தார். ராகலையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். மலைச்சுடர் பட்டத்தைக் கண்டியில் ஒரு மண்டபத்திலும், சேவைச்சிகரத்தை அதே மண்டபத்தின் மேல்மாடியிலும் வாங்கியவர். தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் அங்கே கோயில் தலைவர். அச்சகத்துக்கோ அவர் அதைவிட மேலே: கலண்டர், பிறந்தநாள் சுவரொட்டி, வாழ்த்துப் பதாகை என்று வருடம் முழுவதும் தன் முகத்தை அச்சிட்டுக்கொண்டே இருப்பவர்.

"சுஜீவன், போன வருஷ நோட்டீஸ் ஃபைல் இருக்கில்ல? அதையே எடு. என் பேருக்கு முன்னால சேவைச்சிகரத்தைப் போடு. போட்டோவைப் பெருசாக்கு. வேற ஒண்ணும் மாத்த வேணாம்."

தோட்டக் கோயில்களின் திருவிழா நோட்டீஸ்கள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. புதிதாக ஒருவரும் எழுதுவதில்லை. அம்மன் அதே அம்மன், கரகம் அதே கரகம், பால்குடம் புறப்படும் இடமும் அதே தண்ணீர்ப் பீலிக்கரை. வருடத்துக்கு வருடம் வளர்வது தலைவர்களின் பெயருக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும். அதற்கு இடம் போதாதபோது கீழேயிருந்து ஏதாவது வெட்டப்படும். போன வருடம் தேவாரத்தை எடுத்தார்கள். இந்த வருடம் அம்மனின் படம் தபால்தலை அளவுக்கு வந்துவிட்டது.

சுஜீவன் கணினியில் செய்து, ஒரு பிரதி எடுத்து, சண்முகவடிவின் மேசையில் வைத்தான். "ஒங்க தோட்டத்து நோட்டீஸ்தான்க்கா. கவனமாப் பாருங்க. இந்த ஆள் கோவிச்சுக்கிட்டா கடையை மூடிட்டு நானும் கொழும்புக்குத்தான் போகணும்."

அவள் அடிமட்டத்தை வைத்தாள். எழுத்துக்காக ஒரு தடவை இறங்கினாள். இலக்கங்களுக்காக இரண்டாம் தடவை இறங்கியபோது தேர் வரியில் நின்றாள்.

'மார்ச் 13 வியாழக்கிழமை, பூரணை தினத்தன்று அம்பாள் தேரேறி நகர்வலம் வரும்...'

தூவாணக்கந்தையில் தேர் போயா என்கிற பூரணை அன்றுதான் ஓடும். வேறு நாளில் ஓடியதாக யாருக்கும் நினைவில்லை. போயா என்றால் நாடு முழுக்க விடுமுறை. தோட்டத்தில் விடிந்ததும் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கொழும்பில் இருக்கிற பிள்ளைகளும் வந்துவிடலாம். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். அதிலும் விஜிதரன் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே மார்ச் மாதப் பூரணை இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. பதின்மூன்று இந்த வருடம் வெள்ளிக்கிழமை. பழைய ஃபைலில் நிலா போன வருடத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பெரிய பிழையை அவள் இதுவரை பிடித்ததில்லை. சிவப்புப் பேனையால் தேதியைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டாள். திருப்தி போதாமல், அதன்மேல் இன்னொரு தடவை சுற்றினாள். ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, 'பூரணை இவ்வருடம் 2, திங்கள்' என்று எழுதினாள்.

மறுநாள் சபை உறுப்பினர்கள் வேன் பிடித்து வந்தார்கள். புரூப் கையிலிருந்து கைக்குப் போனது. உபதலைவர் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் தடவிப் பார்த்து, அடுத்தவரிடம் கொடுத்தார். பொருளாளர் சுதாகரன், "எனக்கு 'திரு' போட்டிருக்கு, அவருக்கு 'உயர்திரு' போட்டிருக்கு, ஏன்?" என்று கேட்டார். இவர் விஜிதரனுக்கு எதிராக ஒவ்வொரு வருடமும் தலைவர் பதவிக்கு நின்று, ஒவ்வொரு வருடமும் பொருளாளராகத் திரும்பி வருபவர். திருவுக்கும் உயர்திருவுக்கும் இடையிலான வழக்கு முடிய ஒரு சுற்று பிளேன்டீ ஆனது.

கடைசியில் காகிதம் தலைவர் கைக்கு வந்தது. அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். படம் நன்றாக வந்திருந்தது.

"ஐயா, அந்தத் தேதியில..." என்றாள் சண்முகவடிவு.

"நல்லாருக்கும்மா."

"இல்லீங்க ஐயா, வட்டம் போட்டிருக்கேன் பாருங்க, போயா வந்து..."

"அம்மா, நான் இந்தக் கோயிலுக்கு எத்தனையாவது தடவை தலைவர் தெரியுமா? எனக்கே திருவிழாத் தேதி சொல்லித் தர்றியா?"

சுஜீவன் உள்ளே இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தலைவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். புரூப்பை மேசையில் விரித்து ஒரு படம் பிடித்தார். தன் முகம் நடுவில் வரும்படி ஓரங்களை வெட்டினார். ஓரத்தோடு கேள்விக்குறியில் முக்கால்வாசியும் அதன் பக்கத்து எழுத்தும் போயின. சிவப்பு வட்டம் மட்டும் படத்தில் பத்திரமாக இருந்தது.

"வீட்ல ஆறுதலாப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று கிளம்பினார். வேன் நுவரெலியாவைத் தாண்டுவதற்குள் படம் 'தூவாணக்கந்தை உறவுகள்' வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது.

அன்று சாயந்திரம் சண்முகவடிவு வீட்டுக்கு வந்தபோது லெட்சுமி போனை நீட்டினாள். "மதினி, தேர் பதிமூணாம் தேதியாமே! நோட்டீஸ் வந்துடுச்சு. யாரும் மறந்துடக் கூடாதுன்னு செவப்புல வட்டம் வேற போட்டிருக்காங்க பாருங்க. தலைவருக்கு எம்புட்டு அக்கறை!"

சண்முகவடிவு குனிந்து பார்த்தாள். பிறகு, "அது நான் போட்ட வட்டம்டி" என்றாள்.

"நீங்களா? அப்ப தேதி சரியாத்தான் இருக்கும்."

"தேதி தப்புன்னுதான் வட்டமே போட்டேன்!"

லெட்சுமி படத்தைத் திரும்பப் பார்த்தாள். "தப்பா இருந்தா வெட்டில்ல வுடுவாங்க? வட்டம் போட்டா முக்கியம்னுதானே அர்த்தம்? பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

குழுவில் இருந்த அத்தனை பேரும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். கொழும்புக் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் பதின்மூன்றுக்கு லீவு கேட்டுவிட்டார்கள். கட்டாரில் இருந்த ஒருவர் அந்த வாரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, டிக்கெட்டையும் படம் பிடித்துப் போட்டார். அதன் கீழ் எல்லோரும் கும்பிடு கைகளை வைத்தார்கள். வேலூரிலிருந்து ஒரு சித்தப்பா, 'தேதியை வட்டமிட்டுக் காட்டிய தலைவர் வாழ்க' என்று எழுதினார்.

அடுத்த நாள் காலையிலேயே சண்முகவடிவு சொல்ல, சுஜீவன் தலைவருக்குப் போன் போட்டான். "ஐயா, ஒரு சின்னப் பிழை. திருத்தி இன்னொரு படம் போட்டுட்டா..."

'திருத்தம்' என்று தலைப்பிட்டுத் தன் பெயரில் ஒரு செய்தி குழுவில் ஏறுவதையும், அதன் கீழே சுதாகரன் ஒரு சிரிப்புப் பொம்மையை வைப்பதையும் விஜிதரன் மனக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"பிழையா? யாருடைய பிழை? யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

யோசித்தார். நோட்டீஸைத் திருத்துவதைவிடத் திருவிழாவைத் திருத்துவது சுலபம் என்று அவருக்குப் பட்டது. முதலில் குருக்களிடம் போனார். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பதின்மூன்றாம் தேதி வெள்ளி, வெள்ளி அம்மனுக்கு உகந்தது என்றார். அது செவ்வாயாக இருந்திருந்தால் செவ்வாய்தான் உகந்தது என்றிருப்பார், நல்ல மனுஷன். பிறகு தலைவர் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போனார். துரைக்கு அது பறிக்க ஆள் போதாமல் கொழுந்து மிதக்கிற காலம். வெள்ளிக்கிழமை ஒருநாள் மலை சும்மா கிடப்பதில் அவருக்கு இஷ்டமில்லை. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

"துரைகிட்டப் போராடி, பதிமூணாம் தேதி வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கே லீவு வாங்கியிருக்கேன்!" என்று விஜிதரன் முழங்கினார். கைதட்டல் ஓயும் வரை காத்திருந்து, மைக்கிலிருந்து வாயைச் சற்று விலக்கிக்கொண்டு, "அதுக்குப் பதிலா ரெண்டாம் தேதி போயா அன்னைக்குப் பெரட்டு" என்றார்.

பின்வரிசையில் இருந்த லெட்சுமி மட்டும், "என்னா சொன்னாரு? என்னா சொன்னாரு?" என்று பக்கத்தில் கேட்டாள். சொன்னது விளங்கியபோது கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தது.

ஆனால் சுதாகரன் விடவில்லை. போனில் இருந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி எழுந்து நின்றார். "தலைவரே, இங்கே ஓரத்துல ஒரு கேள்விக்குறியோட வாலு தெரியுதே. அச்சகத்துல யாரோ தேதியில சந்தேகம் கேட்ட மாதிரி இருக்கு. நீங்க பாக்கலையா?"

அன்றுவரை விஜிதரனுக்கு யார் மேலும் கோபமில்லை. அந்த வாலைப் பார்த்தபிறகு வந்தது.

திங்கட்கிழமை அச்சகத்தின் கதவு திறந்த வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

"யாரு இந்தக் கேள்விக்குறி போட்டது?"

சண்முகவடிவு எழுந்து நின்றாள். நின்று பழகிய கால்கள், யாராவது குரலை உயர்த்தினால் தாமாகவே எழுந்துவிடும்.

"நான்தாங்க ஐயா."

"தேர் எப்ப?"

"பதி... பதிமூணுங்க."

"நோட்டீஸ்ல என்னா இருக்கு?"

"பதிமூணுதாங்க."

"அப்ப எங்கம்மா பிழை? சரியா இருக்கிறதத் தப்புன்னு குறிச்சிருக்க. தோட்டமே என்னைக் கேள்வி கேக்குது." சுஜீவன் பக்கம் திரும்பினார். "தம்பி, புரூப் பாக்கத் தெரியாத ஆளை நாற்காலியில ஒக்கார வச்சா இப்படித்தான். ஒண்ணு, இந்தக் குறி தப்புன்னு ஒங்க அச்சகம் எழுதித் தரணும். இல்லைன்னா இந்தம்மா இங்க வேலைக்கு நிக்கக் கூடாது. ரெண்டும் இல்லைன்னா நான் ஹட்டன் டவுன்ல அச்சடிச்சுக்கிறேன். கலண்டரையும் சேத்துத்தான்."

அவள் சுஜீவனைப் பார்த்தாள். அவன் ஹட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவர் மறைத்தது, ஆனாலும் அவனுக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

"ஐயா" என்றாள் சண்முகவடிவு. "நான் குறிச்ச அன்னைக்கு அது பிழைதாங்க. அப்புறம்தான் சரியாப் போச்சு."

"அது எப்படிம்மா, ஒரே தேதி ஒருநாள் பிழை, இன்னொரு நாள் சரி?"

"நீங்க துரையைப் போய்ப் பாத்தீங்கல்லங்க, அதுக்கப்புறம்."

விஜிதரனின் முகம் அவரது சுவரொட்டியின் சிவப்புப் பின்னணி நிறத்துக்கு வந்தது. சுஜீவன் குறுக்கே பாய்ந்தான்.

"ஐயா, ஒக்காருங்க, ஒரு நிமிஷம். அக்கா, இங்க வாங்க. ஒங்களுக்கு ஒரு குறி சொல்லித் தர விட்டுப் போச்சு." அந்தப் புரூப்பை எடுத்து மேசையில் விரித்தான். "நாம ஒண்ணத் தப்புன்னு குறிச்சிட்டோம். அப்புறம் அது அப்படியே இருக்கணும்னு தெரியுது. என்ன செய்யிறது? அழிக்கக் கூடாது. அழிச்சா காயிதம் அசிங்கமாப் போயிடும். அந்த எழுத்துக்குக் கீழே வரிசையாப் புள்ளி வைக்கணும். ஓரத்துல 'இருக்கட்டும்'னு எழுதணும். அவ்வளவுதான். நம்ம திருத்தத்தை நாமளே வாபஸ் வாங்கிக்கிட்டோம்னு அர்த்தம். மரியாதையான குறிக்கா. உலகம் பூரா இருக்கு."

தலைவர் முகம் தெளிந்தது. "அப்படி ஒரு குறி இருக்கா? நல்ல குறியால்ல இருக்கு! ஊர்ல நெறையப் பேருக்கு இதைச் சொல்லிக் குடுக்கணும்."

சண்முகவடிவு பேனையைக் கையில் எடுத்தாள். உடனே புள்ளி வைக்கவில்லை.

"தேதிக்கு வச்சிடறேன். ஆனா கிழமை வியாழன்னு இருக்குங்க. அது வெள்ளி."

"அத மாத்திக்க."

"'பூரணை தினத்தன்று'ன்னு இருக்குங்க. அத வெட்டணும்."

"வெட்டாத. பூரணைன்னு இருந்தாத்தான் ஒரு கௌரவம்."

"அன்னைக்கு நிலா தேய்ஞ்சு போயிருக்குமேங்க ஐயா. தேர் கெளம்பறப்ப வானத்துல ஒண்ணும் இருக்காது."

"நிலாவ யாரும்மா பாக்கப் போறா? ஜெனரேட்டர் சொல்லியிருக்கு."

அவள் கடைக்கண்ணால் நாற்காலியைப் பார்த்தாள். அவள் எழுந்த வேகத்தில் அது பாதி திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் கண்ணாடிக்கு வெளியே கொழும்பு பஸ் ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அடிமட்டத்தை வைத்தாள். தேதிக்குக் கீழே புள்ளி வைத்தாள். நேராகவும், ஒரே இடைவெளியிலும். 'பூரணை தினத்தன்று' என்பதற்குக் கீழேயும் வைத்தாள். நிலாவுக்குக் கொஞ்சம் அதிகப் புள்ளிகள் தேவைப்பட்டன. ஓரத்தில் இரண்டு இடத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினாள்.

"ஐயா, இதுக்குப் பக்கத்துல கஸ்டமர் கையெழுத்து வேணுங்க" என்றாள்.

அப்படி ஒரு விதியை சுஜீவன் சொல்லித் தரவில்லை. ஆனால் அவன் மறுக்கவும் இல்லை. விஜிதரன் தன் தங்கப்பேனையை எடுத்துக் கையெழுத்திட்டு, கீழே பட்டங்களை எழுதத் தொடங்கினார். சேவைச்சிகரத்துக்கு வரும்போது காகிதம் முடிந்துவிட்டது. திருப்பிப் போட்டு எழுதினார்.

அவர் போனபிறகு சுஜீவன் நெற்றியைத் துடைத்தான். "அக்கா, வர்ற மாசத்துல இருந்து நீங்க நிரந்தரம்."

"சீசன் இன்னும் முடியலையே தம்பி."

"இதுக்கு மேலயும் ஒரு சீசன் வேணுமாக்கா?"

அவள் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். பாதம் தரையில் பட்டது. முதுகு சாய்ந்தது.

போயா அன்று அச்சகம் பூட்டு. நுவரெலியாவே பூட்டு. தூவாணக்கந்தையில் மட்டும் விடிந்ததும் பெரட்டுக் கூப்பிட்டார்கள். லெட்சுமி முணுமுணுத்துக்கொண்டே கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள். தம்பியும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு போனான். சண்முகவடிவு தனியாக வீட்டில் இருந்து பார்த்தாள். உட்கார முடியவில்லை. பகலுக்கு ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, ஒரு போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அவளும் மலையேறினாள்.

லெட்சுமி தேயிலை நிரைக்குள் நின்றபடியே ரொட்டியை வாங்கிக் கடித்தாள். உட்கார நேரமில்லை. போயாக் கூலி எப்படிப் போடுவார்கள் என்று தெளிவாகச் சொல்லாவிட்டாலும், கொழுந்து குறையக் கூடாது என்று மட்டும் கணக்கப்பிள்ளை தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"கோவமா லெட்சுமி?"

"ஒங்க மேலயா? ஒங்க மேல எதுக்கு மதினி கோவம்? நீங்க சரியாத்தானே குறிச்சீங்க." சம்பலின் உறைப்புக்கு உஸ்ஸென்று மூச்சிழுத்துக்கொண்டாள். "என்னா, கொஞ்சம் அழகா குறிச்சிட்டீங்க. கோணல்மாணலா ஒரு கிறுக்கு கிறுக்கியிருந்தா அந்த மனுஷன் அதோட படம் புடிச்சிருக்க மாட்டாரு. இந்நேரம் நாம தேர் இழுத்துக்கிட்டு இருந்திருப்போம்."

இது சுஜீவனின் எந்தப் பாடத்திலும் இருக்கவில்லை.

"வேலை நிரந்தரம்னு ஒங்க தம்பி சொன்னாரு. நெசமா?"

"நெசந்தான்."

"நல்லது. வீட்ல ஒரு ஆளாவது ஒக்காரட்டும்." லெட்சுமி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். "தேத்தண்ணிய அந்தக் கல்லு மேல வைங்க. நீங்க போங்க மதினி, காலு வலிக்கும்."

சண்முகவடிவு போத்தலைக் கல்லின்மேல் வைத்தாள். போகவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து நிரைக்குள் இறங்கி, எடுத்த கொழுந்தை எட்டி லெட்சுமியின் கூடையில் போட்டாள். நிறுவைக்குச் சங்கு ஊதும்வரை இருவரும் நின்றார்கள்.